ஊட்டியா, கொடைக்கானலா? நண்பருடன் மலைக்குச் செல்வோரின் கேள்விகளும் பதில்களும்

இரண்டு நண்பர்கள் வார இறுதியோடு ஓரிரு நாள் விடுப்புச் சேர்த்து மலைக்குப் போக நினைத்தால், தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களில்தான் வந்து நிற்கும். குடும்பத்தோடு காரில் செல்வோருக்கான குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. சொந்த வண்டி இல்லாமல், கையில் அளவான பணத்துடன், இருவராக மட்டும் செல்வோரின் கணக்கு வேறு என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எடுத்த எடுப்பில் ஒரே பதிலாகச் சொல்ல முடியுமா?

முடியும். உங்கள் நண்பரின் விருப்பு வெறுப்புகள் உங்களுக்கு நன்றாகத் தெரியும், இருவருக்கும் நடப்பதும் பேசுவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் பிடிக்கும் என்றால் கொடைக்கானல். அலுவலகத்தில் அண்மையில் பழக்கமானவர், கல்லூரிக்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்துச் சந்திப்பவர், அல்லது உங்களுக்குப் பிடித்தது அவருக்குப் பிடிக்குமா என்று உறுதியாகத் தெரியாதவர் என்றால் ஊட்டி. ஊட்டியில் பேருந்தும் ரயிலும் அடிக்கடி இருப்பதால், ஒருவர் குன்னூருக்குப் போய்விட்டு வர, மற்றவர் தாவரவியல் பூங்காவில் பகலைக் கழிக்க, மாலையில் மனத்தாங்கல் ஏதுமின்றி இருவரும் சேர்ந்துகொள்ள முடியும். கொடைக்கானலில் நகரத்தைத் தாண்டிய எதற்கும் வாடகை வண்டி தேவைப்படுவதால், ஒருவர் போகும் இடத்துக்கே மற்றவரும் போயாக வேண்டியிருக்கும். அழகை வைத்து இந்த இரண்டு ஊர்களையும் தரம் பிரிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. இருவர் எப்படிச் சேர்ந்திருப்பார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

இரண்டும் குளிர்ந்த மலை ஊர்கள்தானே, அப்படி என்ன பெரிய வேறுபாடு?

உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரிலும் உள்ளன. வேறுபாடு ஊரின் அமைப்பில் இருக்கிறது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் குடியேறி ஏரியை உருவாக்கினார். பின்னர் அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக வளர்ந்தது. ஆகவே அலுவலகங்கள், சந்தை, ரயில், அகலமான கடைவீதி என்று ஒரு மாவட்டத் தலைநகருக்குரிய பரபரப்பு அதற்கு உண்டு. குன்னூரும் கோத்தகிரியும் துணைக்கு அருகிலேயே இருக்கின்றன. கொடைக்கானலில் 1845இல் முதன்முதலாக வீடு கட்டியவர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் தப்பி ஏறிவந்த அமெரிக்க மதபோதகர்கள். 1863இல் மதுரை ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச் அமைத்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி, ஓய்வுக்கென்றே அந்த ஊர் வளர்ந்தது. அதன் கூட்டமெல்லாம் ஏழு ரோடு சந்திப்பையும் ஏரியையும் ஒட்டியே இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் ஓசை குறைந்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கண்ணுக்கெட்டிய வரை தேயிலைத் தோட்டம் என்ற படத்தை மனத்தில் வைத்திருப்பவர் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். கொடைக்கானல் மலையில் பூண்டு, கேரட், உருளை, பிளம்ஸ், பேரி ஆகியவையே கண்ணில் படும். தேயிலையைத் தேடிப் போனவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு.

சென்னையிலிருந்து புறப்பட்டால் எது எளிது?

ஊட்டிக்கு ரயிலில் செல்வது எளிது. இரவில் சென்னையில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கே மலை ரயிலோ, நிலையத்துக்கு அருகிலுள்ள பேருந்து நிலையத்தில் பேருந்தோ காத்திருக்கும். கொடைக்கானலுக்கு மதுரை செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். ஆனால் ரயில் அங்கே விடியும் முன்பே வந்துவிடுகிறது, மலை ஏறுவதற்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் மீதமிருக்கிறது. நேரடிப் பேருந்து கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டு போய் மாற வேண்டும். இருவராகச் செல்லும்போது, சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கே நேராக வரும் இரவுப் பேருந்தில் ஏறிவிடுவது இந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்தவருக்குக் கொடைக்கானலும், கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு ஊட்டியும் அருகில் என்பதைச் சொல்லவே தேவையில்லை. பெங்களூரிலிருந்து வருபவருக்கு ஊட்டிதான் பொருத்தம். கொடைக்கானலுக்கான சாலைத் தொலைவு அதைவிட மிக அதிகம். ஒருவர் சென்னையிலும் மற்றவர் பெங்களூரிலும் இருந்தால், மேட்டுப்பாளையத்திலோ ஊட்டியிலோ சந்திப்பதாக வைத்துக்கொள்வது இருவருக்குமே நியாயமான ஏற்பாடாக இருக்கும்.

மலை ரயிலுக்காக மட்டுமே ஊட்டியைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஒருமுறையேனும் ஏறியிராதவர் என்றால், தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் பின்னர் 1908இல் ஊட்டி வரையிலும் வந்த இந்த 46 கிலோமீட்டர் பாதைக்கு 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு 1 அடி என்ற செங்குத்தான ஏற்றம் இருப்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது; ஆகவே முன்பெட்டியில் இருப்பவருக்கு எதிரே பாதை மட்டுமே தெரியும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் ஊழியர் ஒருவர் நின்றிருப்பார். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் பயணிகள் இறங்கிக் கைகால்களை நீட்டிக்கொள்வார்கள். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுவார்கள். அதைப் பார்க்கவே நடைமேடையில் கூட்டம் கூடிவிடும்.

ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பேருந்தில் அதில் பாதிகூட ஆகாது. பேச நிறைய இருக்கும் நண்பர்களுக்கு அந்த ஐந்து மணி நேரம் பயணத்தின் சிறந்த பகுதியாகவே அமையலாம். ஆனால் இருக்கைகள் நெருக்கமானவை, மேட்டுப்பாளையத்திலிருந்து செல்வதற்கு முன்பதிவு திறந்தவுடனே இடங்கள் நிரம்பத் தொடங்கிவிடும், மழைக்காலத்தில் மண்சரிவால் சேவை நிறுத்தப்படுவதும் வழக்கம். மேட்டுப்பாளையம் பயணச்சீட்டு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்: குன்னூருக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு நாள்தோறும் பலமுறை செல்லும் ரயிலில் ஏறலாம். நீராவியும் பற்சட்டமும் அந்தப் பகுதியில் இல்லாவிட்டாலும், வெலிங்டன், கேத்தி வழியாக வரும் காட்சிகளுக்குக் குறைவில்லை.

நண்பருக்கு மலைப்பாதையில் தலைசுற்றல், வாந்தி வரும். எந்தப் பாதை தேவலாம்?

இரண்டுமே வளைவுகள்தான். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் கொடைக்கானல் சாலையில் வளைவுகள் இத்தனை கூர்மையாக இல்லை என்றாலும், பாதை நீளமானது; ஏறி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இத்தகைய நண்பருக்கு மலை ரயிலே சிறந்த மருந்து, ஏனெனில் அது அவ்வளவு மெதுவாகப் போகிறது. பேருந்தில்தான் போக வேண்டுமென்றால் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையையும் கடைசி இருக்கையையும் தவிர்த்து, வயிற்றை நிரப்பாமலும் முழுப் பட்டினியாகவும் இல்லாமலும் ஏறச் சொல்லுங்கள்.

காரில் போனால் இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்குமே வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் செல்வோருக்கு இந்தக் கவலை இல்லை. புறப்படும் முன் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு இரண்டு மலைகளிலும் தடை உள்ளது. சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பறிகொடுப்பதைவிட, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துச் செல்வது நல்லது.

இருவரும் பைக்கில் போகலாமா?

பழகிய கைகள் என்றால் போகலாம். மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் வேண்டாம். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வருவோர் நினைவில் கொள்ள வேண்டியது, பந்திப்பூர்–முதுமலை வனச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதே. ஊட்டியையும் மசினகுடியையும் இணைக்கும் கல்லட்டிச் சாலை 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. விபத்துகள் மிகுந்ததால் அவ்வழியாக வெளியூர் வாகனங்கள் ஊட்டியிலிருந்து இறங்க அனுமதிப்பதில்லை. குறுக்கு வழி என்று கைப்பேசி வரைபடம் காட்டினாலும் கூடலூர் வழியாகவே இறங்குங்கள்.

எந்த மாதத்தில் எந்த ஊர்?

தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பகுதி கடுமையாக நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதங்களில் கொடைக்கானலில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. நனைந்த புல்லும் மிதக்கும் மேகமுமாக அது நன்றாகவே இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மலைகளையும் நனைக்கும், கொடைக்கானலுக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஊட்டியின் தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் சூரியன் ஏறுமுன் போய்விட வேண்டும்.

மே மாதத்தில் இரண்டு ஊர்களிலும் மலர்க் கண்காட்சி நடக்கும், இரண்டு ஊர்களிலும் வண்டிகள் அசையாது. அந்த மாதத்தில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். விடுப்புக் கிடைக்கும் நாள் உங்கள் கையில் இருந்தால், ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ திங்கள் முதல் வியாழனுக்குள் செல்லுங்கள். குறிஞ்சிப் பூவைப் பார்க்கும் ஆசையில் இருப்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

இருவர் மட்டும் சென்றால் செலவு எங்கே குறையும்?

அறை வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பருவமும் கிழமையும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஊர் சுற்றும் செலவில்தான் வித்தியாசம் தெரியும். ஊட்டியில் குன்னூர், கோத்தகிரி, பைக்காரா ஆகிய அனைத்துக்கும் அரசுப் பேருந்து உண்டு. குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு, ரயிலில் திரும்பினால் ஒரு முழுநாள் மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும். கொடைக்கானலில் தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் முனை ஆகியவை ஒரே வனச் சுற்றில் வருவதால் வாடகைக் காரையே பெரும்பாலோர் பிடிக்கிறார்கள். நான்கு பேர் பகிர வேண்டிய வாடகையை இருவர் கொடுக்க வேண்டியிருக்கும். பேருந்து நிலையப் பகுதியில் இருக்கை கணக்கில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் சுற்றுலாவில் சேர்ந்தால் பணம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் இறங்கிய உடனே ஏறச் சொல்லி ஓட்டுநர் அவசரப்படுத்துவார்.

மாறாக, வனச் சுற்றையே விட்டுவிடத் துணிந்தால் கொடைக்கானல் ஊட்டியைவிட மலிவாகிவிடும். சுமார் 5 கிலோமீட்டர் ஏரிச் சுற்றை நடந்தோ வாடகைச் சைக்கிளிலோ முடிக்கலாம். ஏரியை ஒட்டி பிரையண்ட் பூங்கா; அங்கிருந்து சற்று ஏறினால் 1872இல் அமைக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோக்கர்ஸ் வாக். காலை 7 மணிக்கு அங்கே போனால் கீழே சமவெளி தெளிவாகத் தெரியும்; 10 மணிக்குள் மேகம் வந்து அதை மறைத்துவிடும். எனவே பூங்காவைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, கோக்கர்ஸ் வாக்கை முதலில் முடித்துவிட வேண்டும்.

தங்குமிடம் எடுக்கும்போது நண்பர்களுக்கென்று சிக்கல் ஏதும் உண்டா?

உண்டு, இதை யாரும் எழுதுவதில்லை. ‘பேச்சிலர்களுக்கு அறை இல்லை’ என்று சொல்லும் காட்டேஜ்கள் இரண்டு ஊர்களிலும் இருக்கின்றன. நண்பர்கள் ஆணும் பெண்ணுமாக இருந்தால், திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், சில விடுதிகள் தங்கள் விதி என்று சொல்லி மறுக்கின்றன. இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, யார் யார் வருகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இரவில் வரவேற்பு மேசை முன் நின்று வாதாடுவதைவிட அது மேல். இருவரும் அடையாள அட்டையை அசலாக எடுத்துச் செல்லுங்கள்.

பேருந்தில் செல்வோர் ஊட்டியில் சேரிங் கிராஸ் அல்லது பேருந்து நிலையம் பக்கத்திலும், கொடைக்கானலில் ஏரிக்கும் ஏழு ரோட்டுக்கும் இடையிலும் தங்கினால் போதும். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் தனிக் காட்டேஜ் படத்தில் மயக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இருட்டில் 4 கிலோமீட்டர் ஏறிவர வேண்டும் என்பதைப் படம் சொல்லாது.

இரண்டு பெண்கள் மட்டும் செல்கிறோம். எது ஏற்றது?

இரண்டுக்கும் பெண்கள் தனியாகச் சென்று வருகிறார்கள். இருட்டிய பிறகும் கடைகளும் ஆள்நடமாட்டமும் பேருந்தும் இருக்கும் ஊர் என்ற வகையில் ஊட்டி ஒரு படி வசதியானது. கொடைக்கானலில் வட்டக்கானல், டால்பின் மூக்குப் பாதை போன்றவற்றைக் காலையிலேயே முடித்து, மாலை 5 மணிக்குள் நகருக்குத் திரும்பிவிடுமாறு திட்டமிடுங்கள்.

கூட்டமே வேண்டாம் என்று நினைத்தால்?

கொடைக்கானலில் நகரைத் தாண்டிப் பூம்பாறைக்குப் போங்கள். சாலை வளைவிலிருந்து பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நடுவே வீடுகள் ஓரிடத்தில் கொத்தாகக் கூடி நிற்கும். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி இது. அதே சாலையில் மேலே சென்றால் மன்னவனூரின் புல்வெளியும் ஏரியும் வரும். பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட வண்டிகளையே விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது.

நீலகிரியில் அமைதி வேண்டுவோர் ஊட்டியில் தங்காமல் கோத்தகிரியில் தங்கலாம். தொட்டபெட்டா நல்ல உயரம்தான், 2,637 மீட்டர். ஆனால் அங்கே மலையைவிடத் தலைகளே அதிகம் தெரியும்.

நண்பருக்கு இயற்கையைவிட வரலாற்றிலும் அறிவியலிலும் ஆர்வம் அதிகம்.

இருவேறு விருந்துகள் இருக்கின்றன. ஊட்டியில் 1848இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், அதன் மேற்புறத்தில் தோடர்களின் மந்தும் உள்ளன. மந்து என்பது மக்கள் வாழும் குடியிருப்பு, ஆகவே படமெடுக்கும் முன் கேட்டுக்கொள்வது முறை. தோடர்களின் கறுப்பு சிவப்புப் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். அறிவியல் படித்த நண்பர் இங்கே அரைநாள் செலவழிப்பார். படிக்காதவர் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்.

எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

காட்டெருமைகள் கொடைக்கானலிலும் குன்னூரிலும் தெருவிலேயே நடமாடும். பழகிய மாடு போல அசையாமல் நிற்பதால் அருகில் சென்று தற்படம் எடுக்கத் தோன்றும். அது பாய்ந்தால் ஓட நேரம் இருக்காது. கொடைக்கானலில் போதைக் காளான் தருவதாக யாரேனும் அணுகினால் நின்று பேச்சுக் கொடுக்கவே வேண்டாம்; அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், பிடிபட்டால் நண்பரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியாதா?

நான்கு இரவுகளுக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். ஒரு மலையிலிருந்து இறங்கி, உடுமலை, பழனி வழியாக வந்து மறு மலையில் ஏறுவதற்குள் ஒரு பகல் முழுதும் போய்விடும். அந்தப் பகலைக் குன்னூரிலோ பூம்பாறையிலோ கழிக்கலாம்.

முடிவெடுத்துவிட்டோம். முதலில் எதைப் பதிவு செய்வது?

ஊட்டி என்றால் மலை ரயிலின் சீட்டு, பிறகு சென்னை ரயில், அதன் பிறகே அறை. மலை ரயிலில் இடம் கிடைக்கும் நாளை வைத்து மற்றவற்றை நகர்த்துவது எளிது, மற்றதை வைத்து அதை நகர்த்த முடியாது. கொடைக்கானல் என்றால் அறையே முதலில். பேருந்து அடுத்த வாரம் வரை காத்திருக்கும். முன்பணம் யார் பெயரில் கட்டப்பட்டதோ அவரே ரத்து விதிகளையும் படித்துவிட்டு, ஒருவர் வர முடியாமல் போனால் அந்தப் பணம் யாருடைய கணக்கில் சேரும் என்பதை அன்றைக்கே மற்றவரிடம் பேசிவிடுவது நல்லது.